ஏழு பாலங்களின் துருத்து

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த அடுத்த பெருஞ்சாதனை, குட்டநாட்டுக் காயலின் நடுவே கிடக்கும் மண்ணாந்துருத்து என்ற குட்டித் தீவுக்கு 'ஜலபுத்தி' என்ற படகை அனுப்பியதுதான். இணையத்தில் பிறந்து, இணையத்தில் வளர்ந்து, இணையம் சொன்னால் மட்டுமே நிற்கும் படகு. அதற்கு ஓட்டுநர் தேவையில்லை. தேவையில்லாத அந்த ஓட்டுநராக, தொழிற்சங்க உடன்படிக்கையின்படி, ரெஜிமோன் நியமிக்கப்பட்டான். சீருடை அணிந்து, சுக்கானைத் தொடாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவன் பணி. அதை அவன் அப்பழுக்கில்லாமல் செய்துவந்தான்.

தொடக்க விழாவில் வரவேற்புரை, தலைமையுரை, கட்சிக்கு ஒன்றாக வாழ்த்துரைகள், நன்றியுரை எல்லாம் முறைப்படி நடந்தன. பழைய படகை மேடையிலேயே வழியனுப்பி, விறகுக்கு விற்றார்கள். கூட்டத்தில் மற்றவர்களைவிட உரக்கக் கைதட்டியவள் ஜலஜா. அவளுக்குக் காரியம் இருந்தது. கல்லூரி முடித்த நாளிலிருந்து அரசுக் குமாஸ்தா வேலைக்கான பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தாள். வயது வரம்பு வாசலுக்கு வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை எழுதுவதுதான் கடைசி. பரீட்சைக்கூடம் அக்கரையில். மணியடித்துக் கேட்டைச் சாத்திவிட்டால், அமைச்சரே வந்தாலும் திறக்க மாட்டார்களாம். அமைச்சர்களுக்குப் பரீட்சை கிடையாது என்பதால் இதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை ஜலஜா படகுத்துறையான கடவில் நின்றாள். ஜலபுத்தி வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் தொடங்கியது.

"ரெஜி, நிறுத்துடா."

"நான் எங்க சேச்சி நிறுத்துறது? அதுக்கே தோணணும்."

"ஏன், தோணலையாமா?"

"இந்தக் கடவுல இனி ஆள் ஏத்த வேணாம்னு முடிவு பண்ணிருச்சு. திரையில பாலம் பாலமாக் காட்டுது."

"கையால திருப்பேன்டா."

"தொட்டா மெமோ குடுப்பாங்க சேச்சி. தொடாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம்."

கடைசி வார்த்தை காற்றில் வந்தது. ஜலஜாவின் கைபேசி மணியடித்து, பணிவுடன் அறிவித்தது: 'அன்புள்ள பயணியே, உங்கள் துருத்துக்கு ஏழு பாலங்கள் உள்ளன. நடப்பது இதயத்துக்கு நல்லது.'

உதவி மையத்தைக் கூப்பிட்டாள். தேன் குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"எந்தப் பாலத்துல இருந்து பேசறீங்க மேடம்?"

"பாலமே இல்லம்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"பாலத்தோட நம்பர் இல்லாம புகார் எடுக்க முடியாது மேடம்."

"இல்லாத பாலத்துக்கு நம்பருக்கு எங்க போவேன்?"

"ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் எது வேணும்னாலும் சொல்லலாம் மேடம்."

ஜலபுத்தியைக் குறை சொல்லக் கூடாது. அது படித்த படகு. மண்ணாந்துருத்தைப் பற்றி இணையத்தில் கிடைத்ததை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்திருந்தது. பாலத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு ஒரு விழா. ஆட்சி மாறியதும் அதே கல்லை எடுத்துத் திரும்ப நாட்டியதற்கு இன்னொரு விழா. முதல் தூணுக்கு ஒன்று, இரண்டாம் தூணுக்கு ஒன்று, பாலமில்லாத பாலத்துக்கு இணைப்புச் சாலை போட்டதற்கு ஒன்று, அந்தச் சாலைக்கு விளக்குப் போட்டதற்கு ஒன்று, விழாவைப் புறக்கணித்தவர்கள் தனியாக நடத்திய விழா ஒன்று. ஒவ்வொன்றின் படத்துக்கும் கீழே 'கனவுப் பாலம் மக்களுக்கு அர்ப்பணம்' என்று எழுதியிருந்தார்கள். ஜலபுத்தி கூட்டிப் பார்த்தது. ஏழு. எழுதியதை அப்படியே நம்பிவிட்டது. துருத்தில் பிறந்த ஒரு குழந்தைகூட அந்தத் தப்பைச் செய்ததில்லை.

உண்மையில் காயலில் நின்றவை இரண்டு தூண்கள். அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு காயவைத்துக்கொண்டிருந்தன.

ஊராட்சி மெம்பர் சுகதன் கடவில் ஒரு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்: 'ஏழு பாலங்கள் கண்ட துருத்து'.

"மெம்பர் சேட்டா, ஊராட்சியோட இணையப் பக்கத்துல ஒரே ஒரு வரி போடுங்க. இங்க பாலம் கிடையாதுன்னு. படகு படிச்சிட்டுத் திரும்பிரும்."

கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துத் தரச் சொன்னதுபோலப் பார்த்தார் சுகதன்.

"பாலம் கிடையாதுன்னு நான் எழுதறதா?"

"இல்லதானே?"

"இல்லாம இருக்கறது வேற. இல்லேன்னு எழுதறது வேற, மோளே."

"எனக்கு இதுதான் கடைசிப் பரீட்சை சேட்டா."

"நல்லா எழுது. துருத்துக்கே பெருமை."

"போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஏழுல ஒண்ணையாவது குறைச்சுப் போடுங்க."

"எதைக் குறைக்க? மூணு நாங்க திறந்தது, நாலு அவங்க திறந்தது. அவங்களுதத் தொட்டா ஹர்த்தால். எங்களுதத் தொட்டா எனக்கு சீட்டு கிடையாது. இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடி."

ஜலஜா கயிற்றைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கமாக வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு, ஒழுகும் வள்ளத்தில் போன பாப்பச்சனைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கரைக்கா? ஏறு. சீக்கு வாத்து நாலு உள்ள கிடக்கு, மடியில வச்சுக்கணும்."

"வச்சுக்கறேன். வேகமாப் போங்க சேட்டா."

"வேகத்தை வாத்துங்ககிட்டக் கேளு. அதுங்க முன்னால போனாத்தான் நான் போக முடியும்."

இரண்டு தூண்களுக்கும் நடுவே வள்ளம் நுழைந்தபோது, இடுப்புவரை நனைந்திருந்த ஜலஜாவின் கைபேசி மறுபடி பேசியது: 'நீங்கள் மூன்றாம் பாலத்தின்மேல் சென்றுகொண்டிருக்கிறீர்கள். கைப்பிடியைப் பற்றிக்கொள்ளவும்.' பாப்பச்சன் எட்டிப் பார்த்து, "சொல்றதைக் கேளு, பிடிச்சுக்கோ" என்று ஒரு வாத்தை எடுத்து நீட்டினார்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டின் இடுக்கில் புகுந்தாள். சேலை சொட்டச் சொட்ட, தலையில் இறகோடு உட்கார்ந்து வினாத்தாளைப் புரட்டினாள். பொது அறிவுப் பகுதியின் முதல் கேள்வி: 'மண்ணாந்துருத்தில் உள்ள பாலங்கள் எத்தனை?' மூன்று, ஐந்து, ஏழு, எதுவுமில்லை.

ஜலஜா கொஞ்ச நேரம் தன் காலடியில் தேங்கிய காயலைப் பார்த்தாள். பிறகு பேனாவை அழுத்தி, ஏழுக்கு எதிரே இருந்த வட்டத்தை நன்றாகக் கறுப்பாக்கினாள்.

மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் அருகே வந்து குனிந்தார்.

"எந்த ஊரும்மா? இப்படி நனைஞ்சிருக்கீங்க."

"மண்ணாந்துருத்து."

"ஏழு பாலம் இருக்கற ஊராச்சே. ஏதாவது ஒண்ணு வழியா வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம் டீச்சர்" என்றாள் வருங்காலக் குமாஸ்தா. "ஏழுலயும் நெரிசல்."