நான் குடித்த ஒரு தம்ளர் சீர்திருத்தம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எழுதும் வணக்கம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நான் தம்ளரைத் தூக்கிப் பிடித்திருக்கும் பத்திரிகைப் படத்தை உங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டினீர்களாம். நடந்தது வேறு அத்தான். நம் ஆற்றைக் காப்பாற்ற ஒரு வெளிநாடு சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டிக் கொடுத்தது. பதிலுக்கு நாம் தொழில் சட்டங்களைத் திருத்தி, நிலையத்தை ஒழுங்காக ஓட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். ஓடுகிறதா என்று பார்க்க அவர்களுடைய நிபுணர் அம்மாள் ஒருவர் வந்தார். அவர் மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எங்கள் துறை இயக்குநரிடம் எப்போதோ அளந்து வைத்திருந்தேன். மொழிபெயர்க்க என்னையே அனுப்பிவிட்டார். நிலையத்தின் பெண் பொறியாளர் உள்ளதை உள்ளபடி பேசுகிறவர். "மூணு மாசமா ஓடல சார். வடிகட்டி போயிடுச்சு. கழிவு அப்படியே ஆத்துக்குத்தான் போகுது" என்றார். மூன்று மாதமாக ஓய்வில்லாமல் ஓடுகிறது, நேராக ஆற்றில் விடும் அளவுக்குச் சுத்தம் என்று மொழிபெயர்த்தேன். அம்மாள் பூரித்துப்போய், அப்படியானால் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டார். பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். பொறியாளரிடம் ஒரு தம்ளர் பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் லேசான ஊதா. கனிமச் சத்து என்றேன். பொறியாளர் தம்ளரை விடவில்லை. "வேணாம் சார், குடிக்காதீங்க" என்றார். பிடுங்கிக் குடித்தேன். கால்மணி நேரத்தில் காரில், அந்த அம்மாளின் பக்கத்து இருக்கையில், என் வயிறு தன் கருத்தை வெளியிட்டது. விவரம் வேண்டாம்.

மறுநாள் பொறியாளர் பார்க்க வந்தார். திட்டவில்லை. கடித நகல்களைக் கட்டிலில் வைத்தார். "வடிகட்டி கேட்டு நாலு தடவ எழுதினேன் சார். உங்க மேசையிலதான் நிக்குது. ஆத்தோரத்துல இருக்கிறவங்க தினம் இதத்தான் குடிக்கிறாங்க. அவங்கள யாரும் படம் புடிக்கல."

அந்தக் கோப்பில் 'விவாதிக்கவும்' என்று எழுதியவன் நானே. யாருடன் என்று எழுதவில்லை. ஊசி ஏறிய கையாலேயே வடிகட்டி வாங்க அனுமதித்துக் கையெழுத்துப் போட்டேன். நிபுணர் அம்மாளை வரவழைத்து, அவர் மொழியில் எனக்குத் தெரிந்த அறுபது சொற்களையும் செலவழித்து உண்மையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். நேற்று வடிகட்டி மாட்டியாயிற்று. வேலை போனால் போகட்டும். இனி என்னைப் பெரிய மனிதன் என்று யாராவது சொன்னால் நீங்களே மறுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் கொதித்து ஆறிய நீரையே குடித்து நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
வயிறும் மனசும் காலியான
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் இயக்குநர் வந்தார். என் அறுபது சொற்களை அம்மாள் தமக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டாராம். 'பழுதைக் கண்டுபிடிக்கத் தன் உடம்பையே கொடுத்த அதிகாரி' என்று அறிக்கை போயிருக்கிறது. எல்லா நிலையங்களையும் ஆய்வு செய்யும் குழுவுக்கு நான்தான் தலைவராம். மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன் அத்தான். "சரிங்க சார்" என்று வந்துவிட்டது. மேலே எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். இந்தப் பி.கு.வை மட்டும் எல்லாருக்கும் காட்டலாம்.