தேய்மானத்தின் தீர்ப்பு

"நஷ்டஈடுன்னு ஒரு சல்லிக்காசு இந்த வாசப்படியைத் தாண்டாது" என்று வாய் நிறையப் பற்பசை நுரையோடு அவர் பிரகடனம் செய்தார். நுரை தாண்டியது. காசு தாண்டாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அவருக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எரிந்துவிட்டது, நனைந்துவிட்டது, நசுங்கிவிட்டது என்று வருகிறவர்களை உட்காரவைத்து, அதற்கு ஏன் பணம் கிடையாது என்று பொறுமையாக விளக்கி அனுப்புகிற பிரிவுக்கு அவர்தான் தலைவர். எந்தச் சாமானும் வாங்கின நாளிலிருந்தே தேய ஆரம்பிக்கிறது, ஆகவே விபத்து வந்து சேரும்போது கெடுவதற்கு அதில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை என்பது அவருடைய சித்தாந்தம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'தேய்மானம்'. முகத்துக்கு நேரே 'சார்'. கதவைச் சாத்தியதும் 'தேய்மானம்'.

இன்னொரு கொள்கையும் உண்டு. உடைந்த சாமானை அவர் கண்ணால் பார்க்கவே மாட்டார். "பார்த்தா பாவமா இருக்கும். பாவம் பார்த்தா பணம் போகும்" என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் நடத்துவார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருக்கிறாள். அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். கேட்காததைச் சொல்லமாட்டாள். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் மணியைச் சொல்வாள். இன்றைக்கு அந்த வண்டி வராது என்பதை, "வருமா?" என்று கேட்டால்தான் சொல்வாள். பொய் மட்டும் சொன்னதே கிடையாது.

அன்று விடுமுறை. அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் குளியலறை வாசலில் வந்து நின்று ஆரம்பித்தாள்.

"என்னங்க, நம்ம பொண்ணு ஒரு காரியம் பண்ணிட்டா."

"என்ன?"

"மொட்டைமாடில சிநேகிதியோட சாமான் ஒண்ணைக் கை தவறிப் போட்டு உடைச்சுட்டா."

சிநேகிதி யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. மேல்மாடி நர்ஸம்மாவின் மகளும் இவர் மகளும் ஒரே வகுப்பு. எந்த வீட்டில் முதலில் சமையல் ஆகிறதோ அந்த வீட்டில் இரண்டும் சாப்பிடும். எந்த அம்மா கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறாளோ அவளிடம் இரண்டும் திட்டு வாங்கும்.

"என்ன சாமான்?"

"லென்ஸெல்லாம் வச்சது. விலை கூடின சாமான்தான். எடுத்துக் காட்டட்டுமா?"

அவர் பிரஷ்ஷை உயர்த்தி அவளைத் தடுத்தார். கேமராவாகத்தான் இருக்கும். காட்டவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், சாமானைப் பார்த்தால் நியாயம் கெட்டுவிடும். அப்போதுதான் அந்தப் பிரகடனம் வந்தது.

"அப்போ உடைச்சவங்க பணம் குடுக்க வேண்டாங்கறீங்க?"

"வேண்டாம்."

"அதை நீங்களே மேல வந்து சொல்லிடுங்களேன். நர்ஸம்மா ரெண்டு நாளா சரியாத் தூங்கலையாம்."

தூங்கமாட்டாள்தான், பணம் வராதோ என்கிற கவலை என்று அவர் நினைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். கோரிக்கையை நிராகரிக்கப் போகும்போது சட்டையில் சுருக்கம் இருக்கக்கூடாது. எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான்.

மனைவியும் மகளும் பின்னால் வர, படியேறினார். மகள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். குற்றவுணர்ச்சி என்று அவருக்குப் பட்டது. பயப்படாதே, அப்பா இருக்கிறேன் என்று கண்ணைச் சிமிட்டினார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா படியைப் பார்த்தாள்.

நர்ஸம்மா, வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியை அவருக்குத் துடைத்துப் போட்டாள். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த முகம். கையில் ஒரு கைக்குட்டையை எதையோ வைத்து இறுக்க முடிந்து வைத்திருந்தாள். அவள் மகள் கதவுக்குப் பின்னால் அழுது வீங்கிய கண்ணோடு நின்றாள். சாமானைப் பறிகொடுத்த துக்கம் என்று அவர் அதையும் கணக்கில் எழுதிக்கொண்டார்.

"அண்ணா, நானே கீழ வரணும்னு..." என்று அவள் தொடங்கினாள்.

பேசவிட்டால் காரியம் கெடும். இது அவருடைய தொழில் அனுபவம். தொண்டையைச் செருமிக்கொண்டு முந்திக்கொண்டார்.

குழந்தைகள் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். "தவறு வேற, தவறிப் போறது வேற. தவறு பண்ணினா தண்டனை. தவறிப் போனா யாரு என்ன பண்ண முடியும்?" அடுத்ததாகத் தேய்மானத்துக்கு வந்தார். லென்ஸ் என்பது தூசி படப்படத் தேய்கிற வஸ்து, வாங்கிய கடையின் படியிறங்கும்போதே பாதி போய்விடும், மீதி அலமாரியிலேயே போய்விடும், இன்றைய தேதியில் அந்தச் சாமானுக்குச் சுத்தமாக மதிப்பே கிடையாது என்று நிறுவினார். அலுவலகத்தில் இந்த இடத்தில் ஆட்கள் மேஜையைத் தட்டுவார்கள். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணீர் அவருக்கு மேலும் உற்சாகமூட்டியது. விட்டிருக்கலாம். விடவில்லை.

"நான் கேட்கிறேன். இந்த வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு விலையில ஒரு சாமானை வாங்கிக் குடுத்தது யாரு? அந்த முட்டாளைச் சொல்லணும். நஷ்டம் அவனோடது. பிள்ளைக்குப் புதுசு வேணும்னா வாங்கிக் குடுத்தவன்தான் திரும்ப வாங்கிக் குடுக்கணும்."

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா" என்று நர்ஸம்மா பதறினாள். வெளிநாட்டில் இருக்கிற அவள் தம்பி வாங்கி அனுப்பியிருப்பான், உடன்பிறப்பை விட்டுக்கொடுக்க மனசில்லை என்று அவர் பெருந்தன்மையோடு புரிந்துகொண்டார்.

மனைவி இப்போது கவுண்டர் குரலில் கேட்டாள். "நீங்க சொன்னது முடிவான தீர்ப்புதானே? பின்னால மாத்த மாட்டீங்களே?"

"ஆள் மாறினாலும் என் தீர்ப்பு மாறாது" என்றார் அவர்.

நர்ஸம்மா தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் ஓடிவந்து இவர் மகளைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதது. இதுவரை எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஒருவரும் இப்படிக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியதில்லை. நன்றி சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, "உங்களை மாதிரி மனசு யாருக்கும்மா வரும்" என்று மனைவியிடம் சொல்லி வழியனுப்பியதும் இதுதான் முதல் தடவை. தன் திறமை ஒரு புதிய உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்தபடியே, மகளைச் சிநேகிதியோடு விட்டுவிட்டு மனைவியுடன் படியிறங்கினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெற்றி பெற்ற நாளில் அவர் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியம் உண்டு. பீரோ மேலிருக்கும் நீளப் பெட்டியை இறக்கித் துடைப்பது. உள்ளே டெலஸ்கோப். மகளுடைய பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த பரிசு. கொடுத்த அன்றே, கெட்டுப்போய்விடும் என்று திரும்ப வாங்கி மேலே வைத்துவிட்டார். விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும். "பொண்ணுக்கு வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அவரே பார்ப்பார்.

பெட்டியை இறக்கினார். உள்ளே ஏதோ சலசலத்தது. கண்ணாடி வளையல் கடையைக் குலுக்கினது போல.

அவர் பெட்டியைக் காதருகே வைத்து இன்னொரு தடவை குலுக்கினார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இது என்ன சத்தம்?"

"லென்ஸ்."

"எந்த லென்ஸ்?"

"காலைல சொன்னேனே, அந்த லென்ஸ். எடுத்துக் காட்டட்டுமான்னு கேட்டேன். பிரஷ்ஷைக் காட்டினீங்க."

அவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். பெட்டியும் மடியில் உட்கார்ந்தது. செல்போன் கோபுரத்தில் ஒரு பருந்து கூடு கட்டியிருக்கிறது, அதைப் பார்க்கத்தான் இரண்டு பெண்களும் டெலஸ்கோப்பை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்கள் என்று மனைவி விவரம் சொன்னாள். கேட்டார், அதனால் சொன்னாள்.

"நம்ம பொண்ணு உடைச்சான்னு சொன்னியே. பொய்தானே அது?"

"மேல் வீட்டுப் பொண்ணை நான் என்னிக்காவது வேற மாதிரி கூப்பிட்டு நீங்க கேட்டிருக்கீங்களா? அவளும் நம்ம பொண்ணுதான். எந்த நம்ம பொண்ணுன்னு நீங்க கேட்கலை."

அவர் எழுந்து சட்டையை எடுத்தார். இப்போதே மேலே போய் நியாயம் கேட்கப் போவதாகச் சொன்னார்.

"போங்க" என்றாள் அவள். குரலில் கவுண்டர் இல்லை. "அந்தக் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தது என்ன தெரியுமா? அவகிட்ட இருக்கிற ஒரே ஜோடி தங்க வளையல். விக்கிறதுக்கு எடுத்து வச்சிருந்தா. உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருந்தா இந்நேரம் அதையும் எடை போட்டிருப்பீங்க. ரெண்டு பொண்ணுங்களும் படியில எதிர்ப்பட்டாக்கூட முகம் பார்த்திருக்காது."

அவர் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி நின்றார். மேலிருந்து இரண்டு பெண்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என்ன தேய்மானம் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதோட மதிப்பு என்னன்னாவது உனக்குத் தெரியுமா?" என்றார், குரல் இறங்கி.

"சுத்தமா கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அவளுக்குக் கை தவறிச்சு. உங்களுக்கு வாய் தவறிச்சு. தவறிப் போனா யாரு என்ன பண்ண முடியும்?"

அவர் உள்ளே போன கையை வெளியே எடுத்தார். சட்டை ஆணிக்குத் திரும்பியது. போகட்டும், காசு வாசப்படியைத் தாண்டவில்லை, சொன்ன சொல்லாவது நின்றது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது மகள் படியிறங்கி வந்து வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, தீர்ப்புப்படி வாங்கிக் குடுத்தவங்கதானே புதுசு வாங்கித் தரணும்? கடை இப்பத் திறந்திருக்கும்."