காய்ந்த பைப்பைச் சரிசெய்த கதை

“பைப்புக்கு இங்கிலீஷ் தெரியாது மக்ளே. நீ பேசினா கேக்காது.”

பைப்பை முறுக்க இரவல் வாங்கிய ரிஞ்சோடு வீட்டுக்குப் பின்னால் போன என்னைப் பார்த்து அப்பா இதைச் சொன்னார். குமரிக் கடற்கரையிலிருந்து கப்பலேறி அந்தமான் வந்தவர் அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அண்ணன் ஜெரால்டும் பாதியில் புத்தகத்தைப் போட்டுவிட்டு அவரோடு படகில் ஏறிவிட்டான். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான், அதுவும் இயற்பியலில் பட்டம். (இதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதை அப்போது ஒரு முழுநேர வேலையாகவே செய்துவந்தேன்.)

டாலிகஞ்சில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் தினமும் வராது. கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும். அதற்குள் டிரம்களை நிரப்பிவிட வேண்டும். அதனால் இங்கே பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் டிரம்மை எட்டிப் பார்ப்பார்கள்.

அண்ணனுக்கு, படகில் போகவேண்டிய அக்கரைப் பம்பூஃபிளாட்டில் ஒரு பெண் அமைகிற மாதிரி இருந்தது. அதற்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தம் வீடு பார்த்ததோடு நின்றுபோயிருந்தன. இந்தப் பெண்ணை அண்ணனுக்குப் பிடித்திருந்தது. படகுக்கு வாங்கிய நீலப் பெயிண்டை எடுத்து வீட்டு ஜன்னலுக்கு அடித்துக்கொண்டிருந்தான். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலைதான் தண்ணீர் முறையும்.

அந்த நேரம் பார்த்து, தெரு லைனிலிருந்து எங்கள் டிரம்முக்கு வரும் பைப், சுவரோரம் திரும்புகிற எல்போ மூட்டில் ஒழுக ஆரம்பித்திருந்தது. வருகிற தண்ணீரில் பாதி மண்ணுக்குத்தான் போனது. வழக்கமாக வரும் பிளம்பர் மெயின்லாண்டுக்குப் போயிருந்தார். அடுத்த கப்பலில் இடம் கிடைத்தால் வருவாராம். நான் முந்தானையைச் செருகிக்கொண்டேன். (போட்டிருந்தது சுடிதார். ஆனாலும் மனசுக்குள் செருகிக்கொண்டேன்.)

சனிக்கிழமை மதியம் வேலை தொடங்கியது. வீடியோவில் ஒருவர் வெள்ளை டேப்பை மரையில் எப்படிச் சுற்ற வேண்டும் என்று காட்டினார். அவர் எனக்கு எதிரே நின்று காட்டினார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வலப்பக்கமாகச் சுற்றியதை நான் இடப்பக்கமாகச் சுற்றினேன். ஒரு சுருள் முழுவதையும் சுற்றினேன். அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. அதன்மேல் எல்போவைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன்.

ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

அம்மா தடவிப் பார்த்தாள், ஈரமில்லை. அண்ணன் காகிதத்தை வைத்துப் பார்த்தான், காகிதம் நனையவில்லை. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் எனக்கு ஒரு டீ போடச் சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. நான் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மெயின்லாண்டுச் சொந்தம் மொத்தமும் கைதட்டியது.

தண்ணீர் வராத நாளில் பைப்பில் தண்ணீர் இருக்காது. இல்லாத தண்ணீர் ஒழுகாது. இதைத் தெரிந்துகொள்ள இயற்பியல் தேவையில்லை, கண் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் நாலு ஜோடிக் கண் இருந்தும் ஒன்றுகூட உதவவில்லை.

ஞாயிறு விடிகாலையில் பைப்புக்குள் காற்று உறுமியது. நான் பெருமையாகப் பக்கத்தில் போய் நின்றேன். எல்போ ஒருமுறை நடுங்கியது, பிறகு என் காதை உரசிக்கொண்டு பறந்தது. கிளம்பிய தண்ணீர், பூசைக்காகத் தேய்த்துக் கொடியில் மாட்டியிருந்த அப்பாவின் வெள்ளைச் சட்டையை அடித்துக் கீழே தள்ளி, நீல ஜன்னலை நனைத்து, சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு மாஷியின் (வங்காளியில் மாஷி என்றால் சித்தி) முற்றத்தில் விழுந்தது.

நான் பைப் வாயைக் கையால் பொத்தினேன். அதனால் ஒரே பக்கமாகப் போன தண்ணீர் எல்லாப் பக்கமும் போனது. வால்வை மூடு, வால்வை மூடு என்று அப்பா கத்தினார். வால்வு, அவர் கொண்டுவந்து போட்ட பழைய வலைக்குவியலுக்கு அடியில் எங்கேயோ இருந்தது. அவரும் அண்ணனும் வலையை இழுத்தார்கள். வலை அவர்களை இழுத்தது.

அந்தக் களேபரத்தில் நிதானமாக இருந்தவர் வங்காளத்து மாஷி ஒருவர்தான். தண்ணீர் விழுகிற இடம் பார்த்து வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“பேட்டி, கல் பைப் மே பானி தா க்யா?”

நேற்றுப் பைப்பில் தண்ணீர் இருந்ததா என்று கேட்கிறார். எனக்கு ஹிந்தி நன்றாகவே வரும், அதனால் பைப்பை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

ஒருவழியாக வால்வு அகப்பட்டது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. “இன்னிக்கும் போச்சுல்ல, ஜெனி?” என்று மட்டும் கேட்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்போவைத் தேடி எடுத்தேன். டேப்பை உரித்துப் போட்டு, இந்த முறை முறுக்குகிற பக்கமே நாலு சுற்று சுற்றிப் பூட்டினேன். வால்வைத் திறந்தால் கசிந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், நின்றது. நிஜமாகவே, உள்ளே தண்ணீர் இருக்கும்போதே நின்றது. டிரம் கால்வாசி நிறைவதற்குள் முறைத் தண்ணீரும் நின்றது.

பூசை முடிந்து, அண்ணன் சாத்தம் ஜெட்டிக்குப் போய், படகில் வந்து இறங்கிய பெண் வீட்டாரை அழைத்து வந்தான். அப்பா ஈரச் சட்டையோடு வரவேற்றார். பெண்ணின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். முற்றம் முழுக்கச் சேறு, ஜன்னல் இன்னும் காயவில்லை, பக்கத்து வீட்டில் மாஷி, வாளியில் பிடித்த எங்கள் தண்ணீரால், கோடைக்காலத்தில் வராந்தாவைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க பக்கம் குடிக்கவே தண்ணி இல்ல. இங்க முத்தத்துக்கே தெளிக்கிறீங்களே,” என்றார் அவர், கண் விரிய.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு லட்டை வைத்தாள். மாஷி ஏதோ சொல்ல வந்தார், அவருக்கு இரண்டு லட்டு போனது. டிரம்மை எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் படித்து நான் வீட்டுக்குச் செய்த முதல் நன்மை, நான் கெடுத்த ஒரு வேலையால் வந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அண்ணி கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார், மாஷி தயவில். இப்போது வீட்டில் அண்ணன் ஏதாவது பெருமை பேசினால் உடனே, “தெரியும் தெரியும், ஈர முத்தத்தக் காட்டிக் கட்டிட்டு வந்த ஆளுதானே?” என்பார். அப்பா சிரிப்பார். அண்ணன் என்னை முறைப்பான்.

போன வாரம் அண்ணியின் அம்மா வீட்டில் குழாய் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. “உங்க வீட்டு இஞ்சினியர அனுப்புங்க, பாப்போம்,” என்றாராம் போனில். குரலில் கேலி இருந்ததா என்று அண்ணியிடம் கேட்டேன். இருந்ததாம்.

இதைப் பம்பூஃபிளாட் படகில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மடியில் சொந்த ரிஞ்ச் இருக்கிறது. சாத்தம் பின்னால் போய்விட்டது. இன்று அண்ணியின் அம்மா வீட்டுப் பக்கம் தண்ணீர் வரும் நாள். கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் ஏறினேன்.