காயக் கூடாத சவ்வு

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரம். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி நடந்தது எங்கள் இயக்குநர் அய்யாவின் பிறப்பு ஒன்றுதான். மின்சேமிப்பு ஆய்வு நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதை நான் பொறுப்போடு சொல்கிறேன்.

எங்கள் பாட்டரி ஒரு வீட்டின் அளவு இருக்கும். ஒரு தொட்டியில் மஞ்சள் திரவம், இன்னொன்றில் ஊதா. நடுவே ஒரு பாலிமர் சவ்வு. வேண்டியதை மட்டும் அந்தப் பக்கம் விட்டு, மற்றதைத் தடுப்பது அதன் வேலை. இரண்டும் கலந்தால் கதை கந்தல். சவ்வைச் செய்தவன் என் மச்சினன், தற்காலிக ஊழியன். திறப்பு விழாவில் விளக்கு எரிந்தால் வேலை நிரந்தரம் என்று அய்யாவே வாக்குக் கொடுத்திருந்தார்.

விழாவுக்கு முந்தின வாரம் அய்யா ஆய்வுக்கூடத்துக்கு எழுந்தருளினார்.

"என்னப்பா இது, டப்பாவுல ஊறப்போட்ட துணி மாதிரி?"

"அதுதான் சார் சவ்வு. தண்ணியிலயே இருக்கணும். காஞ்சா வெடிச்சிடும்."

"அமைச்சர் வந்து டப்பாவையா எட்டிப் பாப்பாரு? சுருக்கம் வேற. இஸ்திரி போட்டு, கண்ணாடி ஃபிரேம்ல மாட்டு. விழா அன்னிக்கு அவர் கையாலயே எடுத்து மெஷின்ல பொருத்தட்டும்."

மச்சினன் என் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். "சார், ஃபிரேம் தங்கக் கலர்ல இருந்தா எடுப்பா இருக்கும்."

'உலகின் முதல் இஸ்திரி போட்ட சவ்வு' என்று பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினேன். ஃபிரேமுக்குள் அதில் மெல்லிய கோடுகள் விழுந்தபோது, டிசைன் பிரமாதம் என்று அய்யா பாராட்டினார்.

விழாவில் அமைச்சர் சவ்வைப் பொருத்தினார். பம்பு உறுமியது. விளக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு அணைந்தது. தொட்டிகளில் மஞ்சளும் ஊதாவும் கலந்து, ஏதோ ரசாயன மாற்றத்தில் பச்சையாகிக்கொண்டிருந்தன. மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். அய்யா மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? இதைத்தான் பசுமை ஆற்றல்னு சொல்றோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அமைச்சருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கரண்ட் எங்கங்க?"

"சேமிப்புல இருக்குங்க. செலவு பண்ணிட்டா அப்புறம் அது என்னங்க சேமிப்பு?"

பிறகு அய்யா தலைமையிலேயே விசாரணைக் கமிட்டி கூடியது. சவ்வுக்கு 'அனுசரித்துப் போகும் மனப்பான்மை' போதாது என்று கண்டறிந்தது. மச்சினன் வேலை போயிற்று. அய்யாவுக்கு விருது கிடைத்தது.

"ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்திருக்கும்?" என்றாள் மனைவி. மச்சினன் பெட்டியை மூடிக்கொண்டே, "விடுக்கா, அத்தானுக்கு அதுதானே வேலை" என்றான். பிள்ளைக்கு என் அருமை தெரிந்திருக்கிறது.

துளியும் கசியாத சவ்வை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறதாம். பாவம், எங்கள் அய்யாவைப் பார்த்ததில்லை. புகழ் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே விடுவார்; பழியில் ஒரு சொட்டு நுழையாது. ஒரே ஒரு குறை, காயவிட்டால் அவரும் வெடித்துவிடுவார். பொழுது விடிந்தால் பொழுது போனால் அவரை நனைத்து வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் நிலையத்தில் நிரந்தரமான வேலை அது ஒன்றுதான். அதில் நான் இருக்கிறேன்.