மாசி மகத்துக்குள் போக வேண்டிய மீசை

இராயபுரம், கல்மண்டபம் பக்கம்,
மாசி மகத்துக்கு முந்தின நாள், காலை.

காத்திவாக்கத்தில் தெருவே பார்க்கும்படி வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த தம்பி திருமலைக்கு, உன் அக்கா சொக்கம்மாள் அம்மனை வேண்டி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகளும் பேரப்பிள்ளைகளும் என் கடையும் சுகம். அங்கு உன் சுகமும், உன் பெண்சாதி அங்கம்மாவின் சுகமும், முக்கியமாக உன் மீசையின் சுகமும் அறிய ஆவல். மீசைக்கு நாளை வரைதான் ஆயுசு என்பதால் இன்றைக்கு மட்டுமாவது அதற்கு நல்ல எண்ணெயாகத் தடவு.

இதை யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை, நானே என் கையால் எழுதுகிறேன். நீ பிறந்தபோது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், ஆகையால் என் எழுத்து கோணல். அது உன்னால் வந்த கோணல். என் ஞாபகத்தில் மட்டும் கோணல் கிடையாது. அங்கம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அண்டை வீட்டாரையும் கூப்பிட்டு, உரக்கப் படி.

உன் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கிப் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் வாழ்நாளில் ஒரே தடவை எடுத்துக்கொண்ட போட்டோவைச் சட்டம் போடச் சொல்லிக் கடைத்தெரு ரகுபதியிடம் கொடுத்தேன். அவனிடம் தயாராக இருந்த சட்டம் சின்னது. மனுஷனாக இருந்தால் சட்டத்தைப் பெரிதாகச் செய்வான், ரகுபதி உன் மாமாவைச் சின்னதாக்கிவிட்டான். இரண்டு பக்கமும் கத்தரியை விட்டு ஓட்டி அவன் கொடுத்த படத்தில் அந்த மனுஷனுக்குக் காதே இல்லை. “இன்னாடா இது, காது எங்கடா?” என்று கேட்டேன். “மூஞ்சி கீதுல்ல ஆயா? மாலை மூஞ்சிக்குத்தானே போடப் போறே?” என்றான். “உசுரோட இருந்தப்பவே நான் சொன்னது அவரு காதுல ஏறல. இப்ப காதே இல்லன்னா நான் யாராண்ட போய்ப் பேசுறது?” என்றேன். “அப்ப இதுல உனக்கு நஷ்டமே இல்லியே ஆயா!” என்றான். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, மாமாவின் இரண்டு காதுகளையும் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, இவன் கடைக்கு எதிரிலேயே சட்டம் போடும் கடை வைக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதை உன் மகளின் மறுவீட்டு விருந்தில், எல்லாருக்கும் மீன் தலை வைத்து எனக்கு மட்டும் வால் வைத்த அந்த விருந்தில், நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? நீ மறந்திருப்பாய், இந்தா: “இன்னாக்கா, மீன் கூடை தூக்கறவளுக்குக் கண்ணாடி வேலை இன்னாத்துக்கு? வர்ற மாசி மகம் வரிக்கும் உன் கடை நின்னுச்சுன்னா ஊரு முன்னால இந்த மீசையை எடுத்துடறேன். நிக்கலேன்னா கம்முனு வூட்டுக்கு வந்துடு. வலை பின்னிக்கினு, கஞ்சி குடிச்சிக்கினு ஒரு ஓரமாக் கெட.” அங்கம்மா சும்மா இருந்தாளா? “வரட்டும் வரட்டும், கோழிக் கூண்டாண்ட எடம் கீது” என்றாள். நான் கோபப்படாமல், நம் அப்பா படகு வேலைக்கு வைத்திருந்த உளி, ரம்பம் எல்லாம் இருக்கிற பெட்டியைக் கொடு என்று மட்டும் கேட்டேன். நீ அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “எந்தப் பெட்டி?” என்று கேட்டாய்.

அப்பன் பெட்டி இல்லாவிட்டால் கடை எழும்பாதா? கப்பல் தச்சராக இருந்து ஓய்வெடுத்துக்கொண்ட மஜீது பாய் தன் வீட்டு முன்னறையை விட்டுக்கொடுத்தார். அது ரகுபதியின் கடைக்கு நேர் எதிரில், அம்மன் செயல். சட்டத்தின் மூலையைச் சாய்வாக அறுக்க ரம்பத்துக்கு வழிகாட்டும் மரப்பெட்டி ஒன்றும் அவரே செய்துகொடுத்தார். மரத்துக்கு, கப்பலில் சாமான் வந்து இறங்கிய பெட்டிப் பலகை. முதலில் செய்த சட்டங்கள் நான்கு பக்கமும் நான்கு விதமாக நின்றன. லட்சுமி படம் வாங்கிப்போன ஒருவர் திரும்பிவந்து, அம்மாள் ஒரு பக்கமாகச் சரிகிறாள் என்றார். ஆணியை மறுபக்கம் சாய்த்து அடி, சரியாகிவிடும் என்றேன், சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மஜீது பாயின் ஆடு ஒரு கல்யாண போட்டோவின் பின்னட்டையைத் தின்றது. மாப்பிள்ளையையும் தின்பதற்குள் பிடுங்கிவிட்டேன். இன்னொரு படத்தின் முதுகில் பெட்டிப் பலகையின் இங்கிலீஷ் எழுத்து அப்படியே இருந்தது, அதைப் படித்த மஜீது பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “தலைகீழா வெக்காதே, ஒடைஞ்சிடும்னு போட்டுகீது அக்கா” என்றார். நல்ல புத்திமதிதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடி அறுப்பதுதான் பெரிய பேஜாரு. “வைரம் இல்லாம கண்ணாடி மசியாது அக்கா. அதுக்கு நான் எங்க போறது?” என்று மஜீது பாய் கையை விரித்தார். இந்த இடத்தை அங்கம்மா காதில் நன்றாக விழும்படி படி. என் கல்யாணத்தில், அப்போது அவள் உனக்குப் பெண்சாதிகூட இல்லை, எதிர்வீட்டுப் பெண், அப்போதே அந்த வாய், என் மாமியார் போட்ட மூக்குத்தியைப் பார்த்து, “அது வைரமில்லடி, சோடா பாட்டில் கண்ணாடி” என்று பந்தல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்றிலிருந்து நான் பதில் சொல்லாமல் காத்திருந்தேன். மூக்கிலிருந்து அதைக் கழற்றி மஜீது பாய் கையில் கொடுத்தேன். ஒரு குச்சி நுனியில் அரக்கை உருக்கி அதைப் பதித்துக்கொடுத்தார். கண்ணாடிமேல் வைத்து அழுத்தி இழுத்தேன். கர்ரென்று கோடு விழுந்தது. அடியில் ஒரு தட்டு தட்டினேன். பெரிய இடத்துப் பிள்ளைபோல் மரியாதையாக இரண்டாகப் பிரிந்து நின்றது. சோடா பாட்டில் கண்ணாடி கண்ணாடியை அறுக்குமா? கேள் அவளை. கொஞ்சம் நிறுத்தி அவள் முகத்தைப் பார். பார்த்துவிட்டு மேலே படி.

பிறகு திருவொற்றியூர் கோயில் வீதியிலிருந்து வரலட்சுமி அம்மாள் வந்தாள். வெங்காயம்கூட ஆகாத சைவக் குடும்பம். அன்னபூரணி படத்தைக் கொடுத்து, “பாட்டி, வஜ்ஜிரப் பசை மட்டும் தடவாதீங்க. அது மாட்டுத்தோல்ல காய்ச்சறது. சாமி படம், சுத்தமா இருக்கணும்” என்றாள். மாட்டு வாசனையே படாமல் ஒட்டித் தருகிறேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். மைதாப் பசை அட்டைக்குத்தான் தாங்கும், மரத்துக்குத் தாங்காது. நான் யோசித்தேன். மாட்டைவிடச் சுத்தமானது எது? கடலைவிடச் சுத்தம் எது? உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்த கத்தாழை மீன், அதன் வயிற்றில் காற்றடைத்துக்கொண்டிருக்கும் நெட்டி, அதைக் காயவைத்து, ஊறவைத்து, காய்ச்சி எடுத்தால் என்ன பிடி பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? அதில் ஒட்டினேன். சட்டம் இரும்பாக நின்றது. என்ன பசை என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஐயோ, கண்டுபிடித்துவிட்டாள், மாசி மகத்துக்கு முன்னாலேயே நமக்குக் கோழிக் கூண்டுதான் என்று நான் அறுத்த சட்டங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவளோ கையெடுத்துக் கும்பிடுகிறாள். “பாட்டி! உங்க கை என்ன கை! நீங்க போட்ட படத்தைப் பூனை வந்து கும்பிடுது பாட்டி! அலமாரிமேல ஏறி, கண்ணை மூடிண்டு, அன்னபூரணி காலடியில முத்தம் கொடுத்துண்டே இருக்கு. தெருவே வந்து பார்க்கறது!” “எல்லாம் அவ மகிமைம்மா” என்றேன். பொய்யில்லை. கத்தாழை மீனைக் கொடுத்தவளும் அவள்தானே?

அன்றிலிருந்து என் கடையில் நிற்க இடமில்லை. பூனை கும்பிடுகிற மாதிரி ஒன்று போட்டுக் கொடு பாட்டி என்று எண்ணூரிலிருந்துகூட வருகிறார்கள். வாழவைத்த ஜீவனுக்கு நன்றி காட்ட வேண்டாமா? தினமும் கடை வாசலில் கருவாட்டுத் தலை வைத்துவிடுகிறேன்.

ரகுபதிக்கு வயிறு எரியாதா? கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து, ஒரு சட்டத்தின் மூலையில் மூக்கை வைத்து உறிஞ்சிவிட்டு, “இன்னா ஆயா, சாமி படத்துல மீன் கவிச்சி அடிக்குது?” என்று சத்தம் போட்டான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடை நிற்பதா போவதா என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. “ராயபுரத்துல எதுலடா நைனா மீன் கவிச்சி அடிக்கல? உன் சொக்காயை மோந்து பாரு. உன் கல்லாப்பெட்டியை மோந்து பாரு. தெகிரியம் இருந்தா வூட்டுக்குப் போய் உன் மாமியாரை மோந்து பாத்துட்டு வந்து சொல்லு” என்றேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவன் வந்த வழியே போய்விட்டான். அன்றைக்கு மாமாவின் காதுக்குச் சிரித்தார்களே, அவர்களில் பலர் இந்தச் சிரிப்பிலும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை மன்னித்துவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீ நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். மகத்தன்று கடலுக்குத் தூக்கிப்போகிற நம் ஊர் அம்மன் படம் இருக்கிறதே, ஆள் உயரப் படம், அதற்கு ரகுபதியைக் கொண்டு சட்டம் போடச் சொன்னவன் நீதானே? அவன் மாட்டிய இரும்புக் கம்பி கடல் காற்றில் துருப்பிடித்து அறுந்து, படம் கீழே வந்துவிட்டது. அம்மனுக்கு ஒரு கீறல் இல்லை, சட்டமும் கண்ணாடியும் தூள். உனக்குத் தெரியாமல் மூடி வைத்துவிட்டு ஊர்ப் பெரியவர் அப்பாவு என் கடை ஏறி வந்தார். “சொக்கம்மா, மகத்துக்குள்ள நீதான் காப்பாத்தணும். திருமலையாண்ட சொல்லிடாதே, பேஜாராப் பூடும்” என்றார். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் படம் இப்போது என் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நான்கு மூலைக்கும் நெட்டியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டுக் காய்ச்சினேன். மாட்டுவதற்குக் கம்பி இல்லை, தார் தோய்த்த வலைக்கயிறு, நம் முடிச்சு. நாளை விடிந்ததும் ஊரார் வண்டியோடு வருகிறார்கள். அம்மன் கடற்கரைக்கு வந்து நிற்கட்டும், சொக்கம்மாள் கடை நின்றது என்று ஊர் சொல்லட்டும், பிறகு உன் மீசை. நாவிதரை நானே ஏற்பாடு செய்துவிட்டேன், நீ சிரமப்பட வேண்டாம்.

மாமாவுக்கும் புதுச் சட்டம் போட்டேன், பெரியது. காதுகளை அதே நெட்டியில் ஒட்டிவிட்டேன். இடது காது கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. பரவாயில்லை, இனிமேலாவது கேட்கட்டும். முதலில் அவரிடம்தான் உன் மீசை விஷயத்தைச் சொன்னேன்.

உன் வலை கிழியாமல் நிறைய வேண்டும், உன் மகள் வயிற்றில் நல்லபடியாக ஒன்று பிறக்க வேண்டும், அங்கம்மாவின் வாய் வலிக்காமல் ஓய வேண்டும். மீன் விற்றுவிட்டு உங்கள் ஊருக்குத் திரும்பும் மங்கையின் கூடையில் இதை வைத்து அனுப்புகிறேன். அவளுக்கு ஒரு வாய் கஞ்சி கொடு, வால் துண்டு வைக்காதே.

இப்படிக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
சொக்கம்மாள்.

பின்குறிப்பு: தம்பி, இதற்கு மேல் உரக்கப் படிக்காதே. அங்கம்மாவைத் தண்ணீர் எடுக்க அனுப்பு. அண்டை வீட்டாரை எழுந்து போகச் சொல். கடிதத்தை மடித்துக்கொண்டு மங்கையைத் தேடி மீன் சந்தை முனை வரை போனேன். அவள் இன்னும் விற்று முடிக்கவில்லை, போகிற வழியில் கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவசரத்தில் கடைக் கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்து பார்த்தால் காசிமேட்டிலிருந்து கல்மண்டபம் வரைக்கும் இருக்கிற அத்தனை பூனையும் உள்ளே. கண்ணை மூடிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாக, நான்கு மூலையையும் நக்கிக்கொண்டிருக்கின்றன. பசை எல்லாம் போயே போய்விட்டது, மூலைகள் வாய் திறந்துகொண்டு நிற்கின்றன. அம்மனுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. எதிர்க்கடையிலிருந்து ரகுபதி, “இன்னா பக்தி ஆயா, இன்னா பக்தி!” என்கிறான். இனிப் பசை காய்ச்சிக் காயவைக்கப் பொழுதில்லை. படகுக்கு அப்பா மர ஆப்பு இறக்குவாரே, அந்த மாதிரி இறக்கினால்தான் நிற்கும் என்கிறார் மஜீது பாய். அவருடைய கப்பல் உளி இதற்கு ரொம்பப் பெரியது. அந்த வேலையை அப்பா உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார், எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது, பிறகு பேசிக்கொள்வோம். சாயங்கால ரயிலில் பெட்டியோடு வந்து சேர். எந்தப் பெட்டி என்று கேட்காதே. நீ உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான். அம்மனைச் சட்டத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டால் பாதி மீசையை விட்டுவிடுகிறேன். எந்தப் பக்கத்துப் பாதி என்பதை ரயிலில் வரும்போது நீயே யோசித்து வை.