கைவிலங்குப் பாடம்

எதையும் செய்து காட்டினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று நம்புகிறவர்கள் ஆபத்தானவர்கள். நான் அவர்களில் ஒருவன். (என் மனைவி இதைச் சுருக்கமாகக் ‘கிறுக்கு’ என்பாள்.)

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்புப் பாடத்தில் ‘கைவிலங்கு’ என்ற சொல் வந்தது. பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் பையிலிருந்து பைக் பூட்டும் சங்கிலியை எடுத்தேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றி, பூட்டை முழங்காலில் வைத்து அழுத்தினேன். டக்கென்று விழுந்தது.

“இதுதான் கைவிலங்கு. எங்க, இதை வச்சு யாராவது ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

கடைசி வரிசையில் செல்வி எழுந்தாள். “எங்கப்பாவுக்குக் கைவிலங்கு போட்டு இட்டுனு போனாங்க சார்.”

எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. “ரொம்ப நல்ல வாக்கியம்” என்றேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. மரம் வெட்டும் வேலை என்று யாரோ கூப்பிட்டு ஆந்திராவுக்குப் போன அவள் அப்பா அங்கே செம்மர வழக்கில் சிறையில் இருக்கிறார் என்பது, என்னைத் தவிர அந்த ஊருக்கே தெரிந்திருந்தது. முன்வரிசைப் பெண் மெல்லச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பூட்டைக் கழற்ற அவசரமாகச் சாவியைத் தேடினேன். அது போளூரில், மெக்கானிக்கிடம் விட்டிருந்த என் பைக்கின் சாவியோடு சேர்ந்தே தொங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் கொடுவாளோடு வந்தார். “ஒரே வெட்டு சார்.” என் கையைப் பார்த்தேன், அவருடைய சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தேன். போளூர் போகும் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

மானத்தைக் காப்பாற்றச் சங்கிலிமேல் துண்டைப் போட்டுக்கொண்டேன். (இதைவிட மடத்தனம் கிடையாது. டிவி செய்தியில் கைதிகளை அப்படித்தான் கூட்டிவருவார்கள்.) டிரைவர் வேறு, “வளைவுல குதிச்சு ஓடிடாதீங்க சார்” என்றார். ஜீப்பே சிரித்தது. எதிரில், மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செல்வியோட அம்மா சார் நானு” என்றாள். “இன்னிக்குத்தான் அவர மொத மொதல்ல பாக்கப் போறேன். புடிச்சினு போயி ஏழு மாசமாவுது.”

எனக்கு ஜீப்பிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

“துண்ட எடுங்க சார்” என்றாள். எடுத்தேன். சங்கிலியை வெகுநேரம் பார்த்தாள். “இத்தப் போட்டுக்கினு எப்டி சார் சோறு துன்றது?”

“சாப்பிடும்போது கழட்டிடுவாங்கம்மா.”

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாத்தியார் சொன்னால் நம்புவாள் என்று அடித்துவிட்டேன்.

“கழட்டலன்னா?” என்றவள் தூக்குவாளியைத் திறந்தாள். சாமைச் சோறும் புளிக்குழம்பும் இருந்தன. “வாயத் தொறங்க சார். எப்டி ஊட்றதுன்னு பாத்துக்கறேன். அங்க போயி தடுமாறக் கூடாது.”

வாயைத் திறந்தேன். முதல் கவளம் என் சட்டையில் விழுந்தது. இரண்டாவது சரியாக வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் அதிகம் என்று டிரைவரிடம் சொன்னேன்.

போளூரில் மெக்கானிக் சாவியைப் போட்டதும் பூட்டு திறந்துகொண்டது. அவள் மிச்சச் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். “நல்ல வாக்கியம்னு நீங்கதான சார் சொன்னீங்க?” என்றாள்.

அடுத்த வாரம் அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். “நீங்க சொன்னதுதான் சார். கையில ஒண்ணும் போடல. கம்பிக்கு அந்தாண்ட சும்மாத்தான் நின்னாரு.”

“சாப்பிட்டாரா?”

“சோத்த உள்ள வுடல சார். பஸ் ஸ்டாண்டுல குந்தி நானே துன்னுட்டேன்.”

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் மனைவி இந்தக் கதையை எடுத்துவிடுவாள். கொடுவாள், துண்டு எல்லாம் நடித்துக் காட்டி, டிரைவர் சொன்னதோடு முடிப்பாள். அதுவரைக்கும்தான் நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இலை போட்ட பிறகு மட்டும் அந்தக் கதை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏனென்று அவள் கேட்டதில்லை.