கருங்குட்டையின் கனமான மன்னர்

தண்ணீருக்கு அடியிலும் அரசாங்கம் உண்டு. கருங்குட்டை நாட்டில் எவர் கனமோ அவரே மன்னர் என்பது சட்டம். அப்போது ஆண்டவர் ஓர் அழுகிய தேக்கிலை. விழுந்தபோது அவரும் லேசானவர்தான். அழுக அழுக, தண்ணீரில் கரைந்திருந்த இரும்பும் செம்பும் ஈயமும் அவர்மீது வந்து ஒட்டிக்கொண்டன.

"தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க! கெட்டதையெல்லாம் நம்ம மன்னர் தன் மேல வாங்கிக்கிட்டாரு" என்பார் மந்திரி நண்டு. அது பொய்யும் அல்ல.

மன்னர் தாராளமானவர். தினமும் அவருடைய ஓரத்தைக் கிள்ளி மக்களுக்கு இலவச உணவாகத் தந்தார்கள். பச்சை இலை தின்பது கனமில்லாத பழக்கம் என்று தடை செய்யப்பட்டது.

வேலாயி என்ற நத்தையின் மகன் சடையன் அந்த இலவசத்திலேயே வளர்ந்தான். நத்தைகள் அவ்வப்போது மேலே ஏறி மூச்சு வாங்கியாக வேண்டும். ஒருநாள் உடம்பு கனத்து, அவனால் தாமரைத் தண்டில் பாதிகூட ஏற முடியவில்லை. வேலாயி அரண்மனைக்கு ஓடினாள், ஒரு நத்தை ஓடும் அளவுக்கு.

"ஐயா, எம்புள்ள மூச்சு முட்டிக் கெடக்கான். பச்சை இலைக்கு உத்தரவு குடுங்க."

"ஏற முடியலன்னா ஏன்மா ஏறுறீங்க? மேல போறது அவசியமில்லன்னு இன்னிக்கே அரசாணை போட்டுடறேன்" என்றார் மந்திரி.

"அப்ப மூச்சு?"

"அதுக்கு ஒரு குழு போடலாம்."

"குழு வர்றதுக்குள்ள அவன் போயிடுவான்யா! கல்லு மாதிரி கனக்குறான்."

மந்திரியின் கண்கள் வெளியே நீண்டன. "எவ்வளவு கனம்?"

நிறுத்துப் பார்த்தார்கள். கிள்ளிக் கொடுத்தே தேக்கிலை வெறும் நரம்பாகியிருந்தார். சடையனே கனம். சட்டம் சட்டம்தானே. புது மன்னருக்கு வெயில் காட்டுவது மரபு என்பதால், நண்டுகள் முனகிக்கொண்டே அவனைத் தாமரை இலைமேல் ஏற்றின. சடையன் காற்றை இழுத்து இழுத்துக் குடித்தான். பச்சை இலைக் காலத்தில் வளர்ந்த வேலாயி பின்னாலேயே ஏறிவந்து அழுதாள், சிரித்தாள்.

"ராசா, மொதல்ல அந்தத் தடையை எடுத்துடுடா. ஒன் சோட்டுப் புள்ளைங்கல்லாம் மூச்சில்லாம அடியில கெடக்குதுங்க."

மன்னர் சடையன் தொண்டையைச் செருமினார்.

"நானும் அந்த இலவசத்தைத் தின்னுதானம்மா மேல வந்தேன். அவங்களும் கொஞ்சம் முயற்சி பண்ணட்டும்."

நண்டுகள் கொடுக்குத் தட்டின. வேலாயி மந்திரியிடம் திரும்பினாள். "ஏன்யா, இதையா எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"சத்தியமா இல்லம்மா" என்றார் மந்திரி. "அங்க உக்காந்தா தானா வருது."